கோடிங் வகுப்பில் நம் பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?



நமது அறக்கட்டளையின் செலவில் ஆன்லைன் கோடிங் வகுப்பில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், பள்ளிவாசல் வாசலிலும் கடைத்தெருவிலும் என்னை நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "செக்ரட்டரி காக்கா, பையன் எத்தனை பெர்சென்ட் முடிச்சிருக்கான்?"

போன வருடம் வரை நானும் உடனே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பு நடத்தும் நிறுவனம் மாதம் ஒரு பட்டியல் அனுப்பும். பெயர், எதிரே ஒரு பச்சைக் கோடு, கோட்டின் முடிவில் சதவீதம். பெயரைத் தேடி எண்ணை வாசித்துவிடுவேன். கேட்டவர் சந்தோஷமாகவோ கவலையாகவோ போவார். அந்த எண் எதைச் சொல்கிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

அந்தப் பட்டியலை நம்பி நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் கட்ட வகுப்பு முடிந்தபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் கட்ட நிதி போதவில்லை. 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களை நிறுத்திக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழுவில் முடிவானது. தீர்மானத்தை எழுதியது என் கைதான். அப்படி நிறுத்தப்பட்டவர்களில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி இருந்தார். பட்டியலில் அவருக்கு 38. தொடர்ந்தவர்களில் ஒரு மாணவருக்கு 100.

நோன்புப் பெருநாள் கழிந்து சில வாரங்களில், நன்கொடையாக வந்த பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டை நம் ஹாலில் வைத்தோம். பிள்ளைகள் கற்றதை நேரில் பார்க்கலாமே என்று ஒரு சின்ன வேலை கொடுத்தோம். இரண்டு பாடங்களின் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி, கூட்டிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நூறு சதவீத மாணவர் திரையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒளிக்காமல் கேட்டார்: "மாமா, இதுல வீடியோ எங்க இருக்கு?"

இன்னொரு மாணவர் எழுதிவிட்டார். ஆனால் 45-ஐயும் 50-ஐயும் போட்டால் விடை 4550 என்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், ஏன் அப்படி வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பியை அழைத்துப் போக வந்து கதவோரம் நின்ற அந்த 38 சதவீத மாணவி மெதுவாகச் சொன்னார்: "அது நம்பர்னு எடுத்துக்கல. எழுத்துன்னு நெனச்சு பக்கத்துப் பக்கத்துல ஒட்டிருச்சு. நம்பரா மாத்தச் சொல்லணும்." சொன்னபடி ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். 95 வந்தது.

பிறகுதான் விசாரித்தோம். அந்த வீட்டில் இருப்பது ஒரு போன். அது காலையில் வாப்பாவோடு கடைக்குப் போய் இஷாவுக்குப் பிறகு திரும்பும். பக்கத்து வீட்டு வைஃபையில் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு இரவில் பார்த்திருக்கிறார். இறக்கி வைத்துப் பார்ப்பதை அந்த ஆப் கணக்கில் சேர்ப்பதில்லையாம். பயிற்சிகளை ஒரு குயர் நோட்டில் பென்சிலால் எழுதி, போன் கிடைக்கும் நேரத்தில் தட்டச்சு செய்து சரிபார்த்திருக்கிறார். நோட்டின் பாதிப் பக்கங்கள் அடித்தல் திருத்தல். எங்கள் பட்டியலில் அவருக்குக் கிடைத்ததோ 38.

நூறு எடுத்த பிள்ளையையும் குறை சொல்ல மாட்டேன். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார். கேள்விகளுக்குச் சரியான விடை வரும்வரை ஒவ்வொன்றாக அழுத்தியிருக்கிறார். ஆப் கேட்டது அதைத்தான், அதை அவர் குறைவின்றிச் செய்தார். தவறு எங்களுடையது. மக்கள் நம்மை நம்பிக் கொடுத்த காசு அமானிதம். அதை யாருக்குக் கொடுப்பது என்பதை ஒரு பச்சைக் கோட்டிடம் கேட்டு முடிவு செய்துவிட்டோம்.

அந்தக் கோடு எதை எண்ணுகிறது

சதவீதத்தை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. பெரும்பாலும் அது முடிந்த பாடங்களின் எண்ணிக்கை. நூறு பாடத்தில் நாற்பதைத் திறந்து கடைசிவரை ஓடவிட்டால் 40. வீடியோ ஓடும்போது பிள்ளை அதைப் பார்த்ததா, போனை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதா என்பது அந்தக் கணக்கில் வராது. பல வகுப்புகளில் கேள்விகளுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் விடை சொல்லலாம். பதிவாவது கடைசி விடை மட்டும்தான். 'தொடர்ந்து இத்தனை நாள்' என்று நெருப்புப் படம் போட்டு ஒரு கணக்கு காட்டுவார்கள். அதைக் காப்பாற்றுவதற்காகத் தூங்கப் போகும் முன் ஒரு நிமிடம் திறந்து மூடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பாடமும் ஒரே எடை இல்லை. நம் பிள்ளைகள் கற்பது பைத்தான் என்ற கணினி மொழி. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராஸம் உருவாக்கி 1991-ல் வெளியிட்டது. (பெயரைக் கேட்டுப் பாம்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது.) இதில் தொடக்கப் பாடங்கள் லேசானவை. திரையில் உன் பெயரை எழுது, இரண்டு எண்ணைக் கூட்டு என்று ஒரு வாரத்தில் ஓடிவிடும். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்ற நிபந்தனையும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் லூப்பும் வரும்போது ஒரே பாடத்தில் பத்து நாள் நிற்கலாம். விறுவிறுவென ஏறிவந்த கோடு அங்கே வந்து நின்றுவிடும். அப்போதுதான் வீட்டில் ஏச்சு விழுகிறது. "முதல்ல நல்லாத்தான் செஞ்சான், இப்ப சோம்பேறி ஆயிட்டான்" என்கிறார்கள். பிள்ளையோ அப்போதுதான் முதல் தடவையாக மூளையைக் கசக்க ஆரம்பித்திருக்கும்.

அப்படியானால் அந்தப் பட்டியலால் பயனே இல்லையா? ஒரு பயன் உண்டு. சதவீதத்தை விட்டுவிடுங்கள். 'கடைசியாகப் பாடத்தைத் தொட்ட தேதி' என்று ஒன்று எங்காவது இருக்கும். அதைப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஆன்லைன் வகுப்பில் தோல்வி என்பது பெரும்பாலும் சத்தமில்லாமல் நழுவிப் போவதுதான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012-ல் எட்எக்ஸ் என்ற இணைய வகுப்பு அமைப்பைத் தொடங்கின. முதல் ஆண்டில் நடத்திய 17 வகுப்புகளின் கணக்கை 2014 ஜனவரியில் அவர்களே வெளியிட்டார்கள். மொத்தப் பதிவுகள் 8,41,687. அவற்றில் 2,92,852 பதிவுகள், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பாடத்தைத் திறந்துகூடப் பார்க்காதவை. இன்னும் 4,69,702 பதிவுகள், திறந்து பார்த்தும் பாடத்தில் பாதியைத் தொடாதவை. சான்றிதழ் வரை போனவை 43,196. நூற்றுக்கு ஐந்து. இலவச வகுப்பு என்பதால் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும் அதில் நிறைய இருந்திருப்பார்கள். ஆனாலும் உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டின் வகுப்பிலேயே அந்த நிலை என்றால், நம் பிள்ளை ஒருநாள் விட்டு, மறுநாள் விட்டு, பிறகு மறந்தே போவதில் ஆச்சரியமில்லை.

மதரஸாவில் ஒரு பையன் இரண்டு நாள் வராவிட்டால் உஸ்தாது இன்னொரு பையனை வீட்டுக்கு அனுப்புவார். ஆன்லைன் வகுப்பிலிருந்து யாரும் வந்து கதவைத் தட்டுவதில்லை. ஒரு மின்னஞ்சல் வரும், அதையும் யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தேதிக்கு ஒரு வாரம் ஆகிவிட்டது என்றால், ஏசாமல், என்ன நடந்தது என்று கேட்டுவிடுங்கள். பாடம் புரியாமல் நின்றிருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம், போன் கிடைக்காமல் இருந்திருக்கலாம். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

உஸ்தாதின் கணக்கு

பிள்ளை கற்றுவிட்டதா என்று அறியும் வழி நம் வீடுகளுக்குப் புதிதில்லை. ஹிஃப்ழு மதரஸாவில் பிள்ளையை விட்டிருப்பவர்களுக்குத் தெரியும், உஸ்தாது மூன்று கணக்கு வைத்திருப்பார். இன்று புதிதாக மனனம் செய்து ஒப்புவிப்பது சபக். அண்மையில் மனனம் செய்ததைத் திருப்புவது சபக் பாரா. பழைய பாராக்களைச் சுற்றிச் சுற்றி ஓதி வருவது தவ்ர். புதுப் பாடம் எவ்வளவு வேகமாகப் போனாலும் பின்னால் உள்ள இரண்டும் ஆட்டம் கண்டால் அவர் சபக்கை நிறுத்திவிடுவார். "பதினஞ்சு பாரா முடிச்சுட்டான்" என்று ஒரு வாப்பா பெருமையாகச் சொன்னால் உஸ்தாது முகத்தில் பெரிதாக மாற்றம் இருக்காது. "எங்கே, மூணாவது பாராவை ஓதச் சொல்லுங்க" என்பார். எத்தனை மணி நேரம் முஸ்ஹஃபைத் திறந்து வைத்திருந்தாய் என்று அவர் எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை.

நான் ஓதிய காலத்தில் இது உஸ்தாதின் கண்டிப்பு என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். ஒப்புவிக்கச் சொல்வதே பாடத்தைப் பதிய வைக்கிறது என்று ஆய்வாளர்கள் பின்னாளில் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்த சோதனை 2006-ல் வெளியானது. ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தார்கள். மற்றப் பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்தவர்கள் கொஞ்சம் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்களுக்கு நினைவில் நின்றது 42 சதவீதம், பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிள்ளைக்கு 'எல்லாம் தெரியும்' என்ற எண்ணம் வருவதும், ஒரு வாரத்தில் அது கரைவதும் இதனால்தான்.

கோடிங்குக்கும் இந்த மூன்று கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இந்த வாரம் கற்றது என்ன, எழுதிக் காட்டு. போன வாரத்தில் கற்றதை வைத்து ஒன்று செய்து காட்டு. இரண்டு மாதத்துக்கு முன் எழுதியதைத் திறந்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லு. மூன்றாவதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எழுதியவருக்கே தன் எழுத்து புரியாது. வேலைக்குப் போன இடத்திலும் இதே தொல்லைதான் என்று சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் நமதூர்ப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

உம்மா கண்டுபிடித்த பிழை

"எங்களுக்கு கோடிங்கே தெரியாதே, நாங்க எப்படிக் கேட்கிறது?" என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பதிலாக, போன ரமளானுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஜகாத் கணக்கிடும் ஒரு புரோகிராம் எழுதினார். தொகையைப் போட்டால் இரண்டரை சதவீதம் எவ்வளவு என்று சொல்லும். ஒரு லட்சம் போட்டால் 2,500 என்று வந்தது. ஆப்பும் சரி என்று பச்சைக் குறி போட்டுவிட்டது. வீட்டில் உம்மாவிடம் காட்டினார். அந்தப் பெண்மணி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கம்ப்யூட்டர் பக்கம் போனதில்லை. "ஐநூறு ரூவா போடு" என்றார். 12 ரூபாய் 50 காசு என்று வந்தது. "வெறும் ஐநூறு ரூவா கையில இருக்கிறவனுக்கு ஏதுப்பா ஜகாத்து? நிஸாப் அளவு இருக்கான்னு பார்க்க வேணாமா?" என்றார். பையனுக்கு அப்போதுதான் உறைத்தது. நிஸாபை முதலில் கேட்டு வாங்கி, தொகை அதைத் தொட்டால் மட்டும் கணக்கிடும்படி ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். மறுநாள் உம்மா, "கடன் இருந்தா கழிக்கணுமே?" என்றார். அதற்கடுத்த நாள், "வருஷம் நிறைஞ்சுச்சான்னு கேட்டியா?" என்றார். அந்த மூன்று கேள்வியில் நிபந்தனை என்ற பாடத்தை அவர் மகனுக்கு நடத்தி முடித்துவிட்டார். வகுப்பில் அதற்கு ஆறு வீடியோ.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, புரோகிராமில் வரும் பிழை இரண்டு வகை. ஒன்று, கம்ப்யூட்டரே நின்றுகொண்டு சிவப்பு எழுத்தில் சொல்வது. அடைப்புக்குறியை மூடவில்லை, வரியைத் தள்ளி எழுதவில்லை, இந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று எந்த வரியில் சிக்கல் என்பதையும் சேர்த்துச் சொல்லும். மற்றது, எதுவும் சொல்லாமல் ஓடி, தவறான விடையைத் தருவது. 4550-ம் 12 ரூபாய் 50 காசும் அந்த வகை. இதைப் பிடிக்க கோடிங் தெரிய வேண்டியதில்லை, விஷயம் தெரிந்தால் போதும். மளிகைக் கடை வைத்திருப்பவருக்குப் பில் கணக்கு தெரியும். தையல் வேலை செய்யும் ராத்தாவுக்குத் துணிக் கணக்கு தெரியும். உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்யச் சொல்லி, குண்டக்க மண்டக்க எண்களைப் போட்டுப் பாருங்கள். பூஜ்யம் போடுங்கள். எண் கேட்கும் இடத்தில் பெயரைப் போடுங்கள். என்ன ஆகிறது, ஏன் ஆகிறது என்று பிள்ளை சொல்லட்டும்.

சிவப்பு எழுத்தைப் பார்த்தால் மட்டும் பயப்படாதீர்கள், ஏசாதீர்கள். பரீட்சைத் தாளில் சிவப்பு மை பார்த்துப் பழகிய நமக்கு அது தோல்வி மாதிரி தெரிகிறது. கோடிங் செய்பவர்களுக்கு அது அன்றாடம். இருபது வருட அனுபவம் உள்ளவருக்கும் தினமும் வரும். ஒரு பிள்ளையின் திரையில் ஒருநாளும் சிவப்பே வரவில்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். யாரோ எழுதியதை அப்படியே ஒட்டுகிறதோ என்று.

ஒட்டுவது என்றதும் ஏ.ஐ. பற்றிச் சொல்லியாக வேண்டும். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு வீட்டுப் பயிற்சியில் முழு மதிப்பெண் என்பதற்குப் பழைய பொருள் இல்லை. கேள்வியை ஒட்டினால் கோடு வந்து விழுகிறது. இதைத் தடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை, முழுக்கத் தடுக்கவும் வேண்டாம். புரியாத இடத்தில் விளக்கம் கேட்டால் அது நன்றாகவே சொல்கிறது, இரவு பதினொரு மணிக்கும் சலிக்காமல் சொல்கிறது. பிள்ளை விளக்கம் வாங்குகிறதா, விடை வாங்குகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. புரோகிராமின் நடுவில் ஏதாவது ஒரு வரியைக் கைவைத்துக் காட்டுங்கள். "இதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்கும் முன் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். பிறகு அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். தானே எழுதிய பிள்ளை பெரும்பாலும் சரியாகச் சொல்லும். தப்பாகச் சொன்னாலும் ஆர்வமாகத் தேடும். ஒட்டிய பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்.

சான்றிதழ் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா வீடியோவும் முடிந்ததும் தானாக அச்சாகி வரும் சான்றிதழுக்கு அதிக மதிப்பில்லை. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் என்பிடெல் பக்கம் பார்க்கலாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துவது. பைத்தானுக்கும் அதில் பாடம் உண்டு. பாடம் கற்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். அவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். வாரா வாரம் வீட்டிலிருந்து செய்யும் பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்குப் போய் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். வீட்டில் செய்ததை அவர்கள் ஒதுக்கவும் இல்லை, அதை மட்டும் நம்பவும் இல்லை.

ஒரு நோட்டும் நான்கு கட்டமும்

அந்த மாணவியின் குயர் நோட்டைப் பார்த்த பிறகு, இப்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு நோட்டு கொடுக்கிறோம். பக்கத்துக்கு நான்கு கட்டம். தேதி. என்ன எழுதினேன். எங்கே சிக்கியது. எப்படிச் சரியானது. நாளுக்கு நாலு வரி போதும். ஒரு பிள்ளையின் நோட்டிலிருந்து அவரிடம் கேட்டுக்கொண்டு எடுத்துத் தருகிறேன்: 'செவ்வாய். 1 முதல் 10 வரை எழுதும் லூப். நிற்காமல் 1, 1, 1 என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்று கூட்டச் சொல்ல மறந்திருந்தேன்.' இதைப் படித்தால் அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று, கோடிங் தெரியாத எனக்கே தெரிகிறது.

மூன்றாவது கட்டம்தான் முக்கியம். அது வாரக்கணக்கில் காலியாக இருந்தால் ஒன்று பாடம் மிக லேசாக இருக்கிறது, அல்லது பிள்ளை பாடத்தைத் தொடவில்லை, அல்லது வேறு யாரோ எழுதுகிறார்கள். நான்காவது கட்டம் மட்டும் காலியாகவே போனால் பிள்ளைக்கு உதவி தேவை. வார்டு கவுன்சிலரிடம் கொடுக்கும் மனு மாதிரி அது அப்படியே கிடக்கக் கூடாது என்பதற்காக, கல்லூரி மாணவர்கள் இருவர் வாரம் ஒரு நாள் வந்து எல்லா நோட்டையும் பார்க்கிறார்கள்.

சபரில் இருக்கும் வாப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை போனில் "எத்தனை பெர்சென்ட்?" என்று கேட்டால் பிள்ளை ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடும். வீடியோ காலில் திரையைக் காட்டச் சொல்லி, "ஓட்டிக் காட்டு வாப்பா" என்று கேளுங்கள். அங்கே உங்கள் வேலையில் உள்ள கணக்கு ஒன்றைச் சொல்லி, இதைச் செய்து வை, அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். தூரத்தில் இருக்கும் வாப்பாவுக்கு ஒன்று செய்து கொடுக்கிறோம் என்றால் பிள்ளைகளுக்கு வரும் ஊக்கமே தனி.

இன்னொன்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வது. போன வருடம் அந்தச் சதவீதப் பட்டியலைப் பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். ஊக்கப்படுத்துவதாக நினைப்பு. 38 என்ற எண்ணை ஊரே பார்த்தது. மன்னிப்புக் கேட்க நாங்கள் அந்த வீட்டுக்குப் போனபோது அந்த மாணவியின் உம்மா கோபப்படவில்லை. "வகுப்ப நிறுத்தினதுகூடப் பரவாயில்ல காக்கா, குரூப்புல புள்ள பேரைப் போட்டுட்டீங்களே" என்று மட்டும் சொன்னார். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அது செய்யக் கூடாத காரியம். இனி எந்தப் பிள்ளையின் நிலையும் அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கு மட்டுமே சொல்லப்படும். "பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை?" என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

அந்த மாணவி இப்போது இரண்டாம் கட்டத்தில் இருக்கிறார். நூறு சதவீத மாணவர் தானாகவே முதல் பாடத்திலிருந்து திரும்பத் தொடங்கியிருக்கிறார். இப்போது லூப்பில் சிக்கி நிற்கிறார், நோட்டின் மூன்றாவது கட்டம் நிறைந்து வழிகிறது.

அடுத்த கட்டத்துக்கான விண்ணப்பம் அலுவலகத்தில் கிடைக்கும். அதில் புதிதாக இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறோம். வீட்டில் எத்தனை போன், பிள்ளையின் கைக்கு அது எந்த நேரத்தில் வரும். கூச்சப்படாமல் உள்ளபடி எழுதுங்கள். அதை வைத்துத்தான் ஹாலில் யாருக்கு எந்த நேரம் என்று பிரிக்க முடியும். ஹாலிலுள்ள கம்ப்யூட்டர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை 10 மணி முதல் லுஹர் வரை, உம்மாமார்களும் கூட வந்து உட்காரலாம். வரும்போது நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்